கருப்பட்டிக்குப் புகை போட்டவர்

பந்தி விரித்தால் டீச்சர் எழுந்துவிடுவார்.

கல்யாண வீடோ, கல்லூரி ஆண்டு விழாவோ, பாய் உருளுகிற சத்தம் கேட்டதும் கைப்பை தோளுக்கு ஏறிவிடும். கூப்பிட்டால் சிரிப்பார். நீங்க உக்காருங்க, இந்தா வாரேன் என்பார். அந்த ‘இந்தா’ எந்தப் பந்திக்கும் வந்து சேர்ந்ததில்லை. நாசரேத்துக்காரர். அந்தப் பக்கத்து வேதக்கோயில்களில் ஆண்டுக்கொரு முறை ஊரே சேர்ந்து ஆக்கி, ஊரே வரிசையாக உட்கார்ந்து உண்ணும், அசனம் என்பார்கள். அதற்கு அரிசி அனுப்புவதில் அவர்தான் முதல் ஆள். சாப்பாட்டை மட்டும் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, தூத்துக்குடிக்கு வந்து, கடற்கரைச் சாலை மாடி அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தனியாகச் சாப்பிடுவார். அதற்குள் குழம்பு ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும்.

கீழ்வீட்டு மேரி அம்மாளின் கணவர் தோணியை நடத்தும் தண்டலாக இருந்து, ஒரு புயலில் தோணியோடு போனவர். அந்த அம்மாள் ஒருநாள் படியில் நின்று இந்தச் சாப்பாட்டைப் பார்த்தாள்.

“அசனத்தை ஆறவச்சுத் திங்கியது நீங்க ஒராள்தான் டீச்சர். மோட்சத்துலயும் பந்திதான் போடுவாவ. அங்கன என்ன செய்விய?”

“தூக்குவாளி கொண்டு போவேன்” என்றார் அவர்.

எதிலும் சேராதவர். ஆசிரியர் சங்கத்துக்குச் சந்தா கொடுப்பார், உறுப்பினர் ஆகமாட்டார். கோயிலில் பெண்கள் ஐக்கியம் உண்டு. அதற்கு நாற்காலி வாடகை இவர் கொடுப்பார், நாற்காலியில் இவர் இருக்கமாட்டார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எந்தக் கதையும் அவர் முகத்துக்குப் பொருந்தவில்லை.

நான் அந்தக் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் வரலாறு. என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே ஒரு மரத்தட்டி. அதன் மேல்பாதி திறந்தே கிடக்கும். எழுபதுகளின் நடுப்பகுதி. புதுத் துறைமுகம் வந்து, ஊரின் ஓசை மொத்தமும் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. பழைய துறைமுகத்தில் தோணிகள் மட்டும் கிடந்து ஆடின. அந்த ஆட்டத்தைப் பார்த்த ஜன்னல்களுக்கு உள்ளே உட்கார்ந்து, அவர் அமெரிக்கா நடத்துவார். பல்கலைக்கழகம் வைத்த பாடம் அது. பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதிக்கொண்டார்கள். அவர் மட்டும் அங்கே போய் வாழ்ந்தார்.

ஜனாதிபதிகளைச் சீக்கிரம் கடந்துவிடுவார். மேற்கே போனவர்களிடம் வந்ததும் குரல் இறங்கும். நானும் என் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுத் தட்டியோரம் போய் நிற்பேன். மாட்டு வண்டியில் போனார்களாம். நெப்ராஸ்கா என்ற, மரமே இல்லாத புல்வெளி. மரம் இல்லாததால் புல்லோடு மண்ணை வெட்டியெடுத்து, அதைச் செங்கலாக அடுக்கி வீடு கட்டினார்களாம். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். ஆளில்லாத நிலம் என்று சர்க்கார் கொடுத்தது. “ஆளில்லாத நிலம்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. அங்கன இருந்தவங்களத் துரத்திட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும். அத எழுதிக்கிடுங்க” என்பார். பிறகு அந்தப் பெண்களைச் சொல்லுவார். அடுத்த வீடு கண்ணுக்கெட்டாத தூரம். புருஷன் சாமான் வாங்கப் போனால் நாள் கணக்கு. பேச்சுத்துணைக்குக் காற்று மட்டும். காற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சிலருக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

தூத்துக்குடிக்காரனுக்கு மேற்கு என்றால் உப்பளம். அதைத் தாண்டினால் கரிசல். ஊரைவிட்டு ஓடவேண்டும் என்று தோன்றினால் கிழக்கே, கொழும்புக்குக் கப்பலேறித்தான் எங்கள் ஆட்கள் ஓடியிருக்கிறார்கள். அந்தக் கப்பலும் நின்றுபோயிருந்தது. அப்படி நாலு பக்கமும் அடைத்த ஊரில் இருந்துகொண்டு, எல்லையில்லாத புல்வெளியை அவர் சொல்லச் சொல்ல, எனக்கு ஏனோ அவருடைய மாடி அறைதான் கண்ணில் தெரியும்.

அந்த அறைக்கு வழக்கமாக வந்துபோன ஒரே ஆள் தங்கக்கனி.

தங்கக்கனி உடன்குடிக்குத் தெற்கே தேரிக்காட்டுக்காரி. செம்மணல் மேடுகளுக்கு நடுவே பனை நிற்கிற பூமி. புருஷன் பனையேறுவான். இவள் விடிலியில், அதாவது பனையோலைக் கொட்டகையில், பதநீர் காய்ச்சித் தேங்காய்ச் சிரட்டையில் கருப்பட்டி வார்ப்பாள். முழங்கை வரைக்கும் பாகு தெறித்த தழும்புகள். விளைந்ததில் பெரும்பகுதி வியாபாரிக்குப் போய்விடும். மிஞ்சினதைக் கடகத்தில் சுமந்து தூத்துக்குடித் தெருக்களில் விற்பாள். வியாபாரி கருப்பட்டியை விரலால் சுண்டிப் பார்த்து, மண் கிடக்கிறது, கசிகிறது என்று சொல்லித்தான் விலை வைப்பானாம். நானும் மாடி அறையில் இருந்த ஒருநாள், இதைச் சொல்லிவிட்டு அவள் காப்பியை ஊதினாள்.

அக்கா அமெரிக்காவிலும் அப்படித்தான் என்றார். (நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.) ரயிலடியில் தானியக் கிட்டங்கி வைத்திருப்பவன் கோதுமைக்குள் கையை விட்டு, ஈரமாயிருக்கு என்பானாம். அறுவடையன்று எல்லோரும் ஒன்றாக விற்க வருவார்கள், விலை விழும். வைத்திருந்து விற்க இடம் கிடையாது. இடம் அவன் கையில். ரயிலும் அவன் ஆட்கள் கையில்.

தங்கக்கனி டம்ளரைக் கீழே வைத்தாள். “அந்தாளும் உடன்குடிக்காரனா டீச்சர்?”

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கதையை எங்க பொம்பளைகளுக்கு வந்து சொல்லணும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். ஒரு சனிக்கிழமை அக்கா போனார். விடிலியில் பாகு கொதிக்கக் கொதிக்கக் கதை நடந்ததாம். அவர்களுக்குப் பெரிய சந்தேகம், மரமே இல்லாத ஊரில் எதை எரித்துச் சமைத்தார்கள் என்பது. காட்டெருமைச் சாணியை என்று சொன்னதும், வெள்ளைக்காரி வரட்டி பொறுக்கினாளாம்ளா என்று ஒருத்தி சொல்ல, அடுப்பை மறந்து சிரித்திருக்கிறார்கள். ஒரு தாச்சிச் சட்டிப் பாகு அடிப்பிடித்துப் போனது. அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த அமெரிக்க விவசாயிகள் சங்கம் வைத்ததை அவர் அவர்களுக்குச் சொன்னார். விலைக்காக என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். முதலில் தனிமைக்காகத்தான் கூடினார்கள் என்பது அவருடைய கட்சி. வண்டி வண்டியாக வந்து, ஆற்றங்கரையில் துணி விரித்து, கொண்டுவந்ததைப் பகிர்ந்து தின்று, பாட்டுப் பாடி, அதன் பிறகே விலை பேசினார்களாம். பந்தியில் உட்காராத ஒருவர் அந்தப் பந்தியைச் சொல்லிக் கேட்கவேண்டும். ரொட்டியின் வாசனைகூட வரும்.

இப்படித்தான் தேரிக்காட்டில் அந்தச் சின்னச் சங்கம் முளைத்தது. திட்டம் எளிது. ஆனி ஆடியில் கருப்பட்டி மலிந்து கிடக்கும். மழைக்காலம் வந்தால் பனை சுரக்காது, தை வரைக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். அதுவரை எல்லாருடைய கருப்பட்டியையும் ஒரே இடத்தில் வைத்திருந்து சேர்ந்து விற்கவேண்டும். ஆனால் கருப்பட்டி கோதுமை அல்ல. ஈரக்காற்றுப் பட்டால் வேர்க்கும், இளகும், ஒழுகும். அதனால் அங்கே வீட்டுக்கு வீடு அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புகையில்தான் வைத்திருப்பார்கள். நாசரேத்தில் அக்காவின் வீட்டிலும் அப்படித்தான். எனவே பழைய பள்ளிக்கூடக் கொட்டகை ஒன்றை வாங்கிப் பனஞ்சட்டத்தில் பெரிய பரண் போட்டார்கள். ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமை வந்த சாக்குகளைப் பிரித்து அதில் விரித்தார்கள். கீழே மண்ணில் குழி. குழியில் பனமட்டையும் தேங்காய்க் கதம்பையும். தீ எழும்பக் கூடாது, அணையவும் கூடாது. புகை மட்டும் வந்துகொண்டிருக்கவேண்டும். மழை மாதங்கள் முழுக்க, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீடு புகை காக்கவேண்டும். அந்த முறைதான் சங்கம். மற்றதெல்லாம் பேச்சு.

உறுப்பினர் பெயர்களை எழுதும்போது முதல் பெயராக டீச்சர் பெயரைப் போடவேண்டும் என்றார்கள். அவர் கையை ஆட்டிவிட்டார்.

“எம் பேரு வேண்டாம். என் சனிக்கிழமைய எழுதிக்கிடுங்க.”

அப்படியே நடந்தது. சனிக்கிழமைப் புகை டீச்சருடையது. காலை பஸ்ஸில் போவார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார், சேலையெல்லாம் புகை வாசத்தோடு. திங்கட்கிழமை ஆசிரியர் அறையிலும் அது லேசாக இருக்கும். யாரோ மூக்கைச் சுளித்தபோது, இது நெப்ராஸ்கா வாசனை என்றார். அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யமாட்டாராம். குழிக்கு முன்னால் ஒரு கட்டையைப் போட்டு உட்கார்ந்திருப்பாராம். யாராவது தண்ணிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, இருக்கியளா டீச்சர் என்பார்களாம். இருக்கேன் என்பாராம். “அவ்வளவுதான் தம்பி. ஆனா இருக்கேன்னு சொல்லுதோம்லா” என்றார்.

முதல் வருடம் தையில் நல்ல விலை கிடைத்தது. பனைகளுக்கு அடியில் சோறாக்கினார்கள். இலை போடும்போது ஒரு பெண் அவருக்கும் ஒன்றை விரிக்கப்போக, தங்கக்கனி தடுத்து, டீச்சர் கையில் குழம்பு வாளியைக் கொடுத்தாளாம். அன்று ஊருக்கே அவர்தான் பரிமாறியிருக்கிறார். சொல்லும்போது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. வரிசையில் உட்காராமல் வரிசைக்குள் இருக்க ஒரு வழி உண்டு என்று அந்தப் படிக்காத பெண்ணுக்கு எப்படித் தோன்றியதோ.

இரண்டாம் வருடம் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு இருந்தது. ஐப்பசிக்கு முன்னால் ஒரு கார் வந்தது. தேரிக்காட்டு மணலில் சக்கரம் புதைந்துவிட, யாரைப் பார்க்க வந்ததோ அவர்களே தள்ளிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் இறங்கினார். தாலுகா முழுவதுக்குமாக ஒரு பெரிய சங்கம் அவருடைய கட்சிக்காரர்கள் கையில் இருந்தது. அதனோடு சேர்ந்துவிடுங்கள் என்றார். சிமெண்டுக் கிட்டங்கி உண்டு. மழைக்காலத்தில் முன்பணம் உண்டு. நாளைக்கு உங்களில் ஒருவரே தேர்தலில் நிற்கலாம். கெட்டவராகத் தெரியவில்லை. மோரை வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைத் தானே கழுவி வைத்தார்.

யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டு, டீச்சர் வருகிற சனிக்கிழமைக்குக் கூட்டம் வைத்தார்கள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். கொட்டகைக்குள் புகைக்குழியைச் சுற்றி ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். சங்கத்துக்கு அவர் உறுப்பினர் அல்ல. ஆனாலும் எல்லா முகமும் அந்த நிலையைப் பார்த்துத் திரும்பியது.

அவர் மெதுவாகத்தான் பேசினார். மேற்கே போன அந்த விவசாயிகள் தங்களுக்கென்று ஒரு கட்சி ஆரம்பித்ததைச் சொன்னார். நாட்டையே ஆட்டினார்களாம். வயல்வெளியில் பெண்கள் வண்டி மேல் ஏறி நின்று பேசினார்களாம். பிறகு ஒரு தேர்தலில், தங்கள் கோரிக்கையைத் தானும் சொல்லுகிறது என்று நம்பி, ஒரு பெரிய கட்சியின் ஆளையே தங்கள் ஆளாகவும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆள் தோற்றான். பெரிய கட்சி தோற்றும் இருந்தது. இவர்கள் கட்சி கரைந்துபோனது. “சேருங்கன்னோ சேராதீங்கன்னோ சொல்ல நான் ஆளில்ல. சேர்ந்தவங்க கதை இது” என்று முடித்தார்.

ஒரு கிழட்டுப் பனையேறி, நெஞ்சிலும் முழங்காலிலும் காய்ப்புக் காய்த்தவர், புகையைக் கையால் விலக்கிக்கொண்டு கேட்டார்.

“சேராம இருந்தாவளே கொஞ்சம் பேரு, அவிய பொழச்சாவளா டீச்சர்?”

வெளியே காற்று மணலை ஓலையில் வீசிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க யாரும் இல்லை.

“இல்ல அண்ணாச்சி. அவங்களும் பொழைக்கல” என்றார்.

ஆனாலும் சேரவேண்டாம் என்றே கைகள் உயர்ந்தன. கதைக்காக உயர்ந்ததா, அவர் முகத்துக்காகவா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் திருச்செந்தூர் யாத்ரீகர்களுக்கு நடுவே நின்றுகொண்டே வந்தார். ஆறுமுகநேரி தாண்டியதும் என் பக்கம் குனிந்து, “அந்தப் பெரியவர் கேட்டதுதான் தம்பி கேள்வி. நான் சொன்னது பதிலே இல்ல” என்றார்.

அவர் நடத்திய பாடம் அமெரிக்காவுக்குச் சரி. தேரிக்காட்டில் மழை மாதம் என்றால் அடுப்பு எரியாத மாதம். பனை சுரக்காது, கையில் காசு புழங்காது. தைக்கு வரப்போகிற நல்ல விலை ஐப்பசியில் சோறு போடாது. அந்த வருடம் மழையும் முந்திக்கொண்டது. பெரிய சங்கம் பக்கத்து ஊரிலேயே கிட்டங்கியைத் திறந்து, சரக்கைக் கொண்டுவந்தவர்களுக்கு அன்றைக்கே முன்பணம் கொடுத்தது. முதலில் ஒரு வீடு தன் பங்கை இறக்கிக்கொண்டு போனது. பிறகு இன்னொரு வீடு. புகை காக்கும் முறை தவறத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை அவர் போனபோது குழி அணைந்து, சாம்பல் நனைந்து கிடந்ததாம். அரை நாள் ஊதி ஊதி மூட்டிவிட்டு வந்தார். அதன்பிறகு கல்லூரி விடுமுறை கிடைத்த நாளெல்லாம் அங்கேதான். மற்றவர்களுடைய முறையையும் அவர் பார்த்தார். கண் எப்போதும் சிவந்திருந்தது. புகைதான் என்றார்.

கார்த்திகைக் கடைசியில் கொஞ்சம் தெளிந்துவிட்டார். எப்போது போனாலும் குழி புகைந்துகொண்டிருக்கிறது, முறை ஒழுங்காகிவிட்டது என்றார். நான் நம்பினேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், சரி வாங்க என்றார். பஸ் நிறுத்தத்தில் இறங்கியதுமே பனைகளுக்கு மேலே நீலமாய்ப் புகை தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கொட்டகையில் யாருமில்லை. குழி பதமாகப் புகைந்துகொண்டிருந்தது. யாரோ சற்றுமுன்தான் மட்டை செருகிப் போயிருந்தார்கள். அவர் கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காப்பிக்குக் கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கருப்பட்டி எடுக்கலாம் என்று நான் ஏணியில் ஏறினேன்.

பரணில் சாக்குகள் மட்டும் கிடந்தன. கோதுமைச் சாக்கில் அச்சிட்டிருந்த, ஒன்றையொன்று குலுக்கும் இரண்டு கைகள் புகையேறிக் கறுத்திருந்தன. அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரை ஒரு சிரட்டைக் கருப்பட்டி கிடையாது. கீழேயிருந்து எழும்பிய புகை, காக்க ஒன்றுமில்லாத இடத்தில் வந்து நின்று, கூரையின் இடுக்கு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி.

நான் இறங்கி வந்தேன்.

“மேல ஒண்ணும் இல்லல்லா?” என்றார், குழியைப் பார்த்தபடியே.

“அக்கா…”

“கார்த்திகையிலயே இல்ல. நான் வரும்போது பொகை இல்லன்னா எனக்குச் சங்கடமா இருக்கும்னு, வெள்ளிக்கெழமயே யாராவது வந்து மூட்டிருதாங்க. இந்த மழையில காஞ்ச மட்டை எங்கருந்துதான் கொண்டாராங்களோ.” ஒரு கதம்பையைக் குச்சியால் உள்ளே தள்ளினார். “எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சா வெக்கப்பட்டுப் போவாங்க. பேசாம இரிங்க.”

வாசலில் நிழல் விழுந்தது. தங்கக்கனி. தலையில் மட்டைக்கட்டு, மழைக்குக் கொங்காணியாக மடித்துப் போட்ட சாக்கில் தூறல். என்னைக் கண்டதும் அவள் பார்வை ஒருமுறை பரணுக்குப் போய், ஏணிக்கு வந்து, என் கையின் கரியில் நின்றது. நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன். அவள் மட்டைக்கட்டை இறக்கி வைத்தாள்.

“எப்ப வந்திய டீச்சர்? மழையோடயா வரணும்?”

“என் முறைல்லா. வராம இருக்க முடியுமா?” என்றார் அவர். “வெல எப்படி இருக்குளா?”

தங்கக்கனி மட்டைகளைப் பிரிப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

“ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுத்தோம்னா நல்ல வெல வரும் டீச்சர்.”

“அப்பம் பொறுப்போம்.”

அவர் கட்டையில் சற்று நகர்ந்து இடம் விட்டார். தங்கக்கனி ஈரச் சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.